மாரியில் இனித்த குழாய்த் தண்ணீர்

சங்கத்து ஆண்டு மலருக்கு "உங்கள் சேவைக்காலச் சாதனை ஒன்றை எழுதித் தாருங்கள்" என்று கேட்டு உங்கள் செயலாளர் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் முறை தேநீர் கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் முறை, "சாதனை ஒன்றும் இல்லை, தம்பி, ஒரு வெட்கக்கேடு இருக்கிறது, போடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார். பகிடி இல்லை. சுகாதாரப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, ஒரே ஒருவரைத் தவிர, முப்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவளுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. வாசிக்கமாட்டாள் என்ற துணிச்சலும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

இரண்டாவது உலகப்போர் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை. வலிகாமத்தில் ஒரு சிறு பட்டினம். சுன்னாகம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சைக்கிளில் போய்விடலாம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊர்ச் சபை தன் மக்களுக்குக் குழாயில் தண்ணீர் கொடுக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து வெட்டிய ஒரு பெரிய கிணறு, அதிலிருந்து நீரை இறைக்க ஒரு எண்ணெய் எஞ்சின், உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, அங்கிருந்து சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் சில தெருக்களுக்கும் இரும்புப் பைப். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாங்கியைப் பார்ப்பதற்கென்றே மற்ற ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் அங்கே சனிற்றரி இன்ஸ்பெக்டர். வயது இருபத்தேழு. உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைக்கனம் மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

நம்முடைய குடாநாட்டுத் தண்ணீர் வருஷம் முழுவதும் ஒரே தண்ணீர் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு இல்லாத ஊர். பெய்கிற மழையைக் கல் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்குக் கொடுக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கத் தண்ணீர் கடுமையாகும், சவர்த்து உப்புக் கரிக்கும். சோப்பு நுரைக்காது, தயிர்போலத் திரளும். பருப்பை எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் கல்லாகவே கிடக்கும். மாரி பிடித்தால் எல்லாம் மாறிவிடும். தண்ணீர் மென்மையாகி இனிக்கும்.

அந்தக் கோடையில் ஒரு நாள் சந்தைத் தேநீர்க் கடைக்காரர் தன் கேத்திலைக் கொண்டுவந்து என் மேசையில், கோப்புகளுக்கு மேலேயே, தொப்பென்று வைத்தார். உள்ளே பார்த்தேன். விரல் மொத்தத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது.

"இந்தாரும், உம்முடைய தண்ணி. இதைச் சுரண்டி எடுத்தால் சுவருக்கு வெள்ளை அடிக்கலாம்," என்றார்.

கந்தோர் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது. நான் அப்போது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று உண்டு: "ஐயா, உது கேத்திலுக்குத்தான் கெடுதி, வயித்துக்கு இல்லை. கல்லுக்குள்ளாலை கனகாலம் ஊறி வடிஞ்சு வந்த தண்ணிதான் இப்படிப் படியும். உதைப் பயப்படாமல் குடிக்கலாம்." அந்தப் பதில் எனக்குத் தெரியும். படித்துத்தான் வந்தேன். ஆனால் ஊர் சிரித்ததும் படித்தது பறந்துவிட்டது. கடுமையான தண்ணீர் எனக்கு அவமானம், மென்மையான தண்ணீர் எனக்கு மரியாதை என்று மனதுக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. என் பிழைகள் எல்லாம் அங்கேதான் தொடங்கின.

ஐப்பசி பிறந்தது. வழக்கத்தைவிட முந்தி மழை கொட்டியது. இரண்டு நாள் விடாமல் அடித்து ஓய்ந்ததும் கிணற்றில் நீர் மளமளவென்று ஏறியது. குழாயில் வந்த தண்ணீர் பளிங்கு மாதிரி. என் மனைவி சாப்பாட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பருப்பைப் பாருங்கோ. பஞ்சாய் வெந்து கிடக்கு. உங்கடை பைப்புத் தண்ணிக்குப் புண்ணியம் கிடைக்கும்."

அந்தப் பருப்பை நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். வீதியில் போகும்போது ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். மழை பெய்வித்ததே நான்தான் என்பதுபோலச் சைக்கிளில் நிமிர்ந்து போனேன்.

அந்த நாட்களில் ஒருநாள் வேலன் கந்தோருக்கு வந்தார். இப்போது "வந்தார்" என்று எழுதுகிறேன். அன்று "வந்தான்" என்றுதான் நினைத்தேன், "நீ" என்றுதான் பேசினேன். அவர் கிணறு வெட்டுகிறவர். கல்லுக்கு வெடி வைப்பதில் அந்தப் பகுதியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஊரில் பாதிக் கிணறுகள் அவர் வெட்டியவை. ஆனால் வெட்டி முடித்து, தண்ணீர் கண்டு, பொங்கிப் படைத்த பிறகு அந்தக் கிணற்றில் அவரோ அவர் ஆட்களோ அள்ளக்கூடாது. அப்படிப்பட்ட சாதி என்று ஊர் வைத்திருந்தது. அவர்களுடைய பெண்கள் குடத்தோடு கிணற்றடிக்கு அப்பால் நிற்பார்கள். மனம் இரங்கி யாராவது அள்ளி ஊற்றினால் தண்ணீர். இல்லாவிட்டால் நிற்க வேண்டியதுதான். சபையின் பைப் அவர்கள் குடியிருந்த சிறு ஒழுங்கையின் முனைக்கும் வந்தபோதுதான் அந்தப் பெண்கள் முதல்முறையாகத் தங்கள் கையால் தண்ணீர் பிடித்தார்கள். அந்தக் குழாயை அங்கே வைத்தது சபைக்குள் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு மேலதிகாரியாக இருந்த சுகாதார டாக்டர்தான் ஒற்றைக்காலில் நின்று வைப்பித்தார்.

வேலன் வாசற்படிக்குக் கீழே நின்றார். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஐயா, ஒரு விசயம். கிணத்திலை தண்ணி ஏறின விதம் சரியில்லை."

"ஏறினால் நல்லதுதானே?"

"ஊறி ஏறினால் நல்லது. இது காலமை பெஞ்ச மழை பின்னேரம் கிணத்துக்குள்ளை நிக்குது. எங்கையோ வெடிப்பாலை நேரை விழுது, ஐயா. சந்தைக்குப் பின்னாலை போன வருசம் கக்கூசுக் குழி வெட்டினது நான்தானே. அடியிலை கல்லுப் பிளந்து கிடந்தது. குழி கழுவ விட்ட தண்ணி ஒரு சொட்டு நிக்கேல்லை, கிணத்துப் பக்கமாத்தான் இறங்கினது. அப்பவும் வேலை பாத்த சபை ஓவசியருக்குச் சொன்னனான்."

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால், அந்தக் குழிக்கு இடம் சரி என்று கையெழுத்து வைத்தது நான். போய்ப் பார்க்காமல் வைத்த கையெழுத்து. தம்பிமாரே, பிழையைச் சுட்டிக் காட்டுகிறவன் மேல் ஏன் நமக்கு இவ்வளவு கோபம் வருகிறது? அவன் சொல்வது பொய் என்பதாலா? பொய் என்றால் சிரிப்புத்தான் வரும்.

"தண்ணியைக் குடிச்சுப் பாத்தனியே? சீனி மாதிரி இருக்கு. ஊரே புகழுது. உனக்கு என்ன தெரியும் எண்டு கதைக்க வாறாய்? போய் உன்ரை வேலையைப் பார்."

"ஓம் ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனார். தோளில் போடவேண்டிய சால்வையைக் கக்கத்தில் வைத்தபடி வந்தவர், அப்படியே போனார்.

போன பிறகு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. தாங்கியில் தினமும் காலையில் குளோரின் தூள் போடுகிறோமே, அது பார்த்துக்கொள்ளும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மாரி காலத்தில் தூளை இரட்டிக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான கட்டளை. இரட்டிக்கவும் செய்திருந்தோம். அதனால் தண்ணீர் இனித்தாலும் குளோரின் மணந்தது.

அடுத்த நாள் சபைத் தலைவர் என் வீட்டுக்கே வந்தார். அவரை நான் நின்றுகொண்டு வரவேற்றேன், அவர் போகும்வரை நின்றுகொண்டேயிருந்தேன். கந்தசஷ்டி விரதம் தொடங்க இரண்டு நாள் இருந்தது. அவருடைய தமக்கையார் ஊரறிந்த விரதக்காரி. மிளகு விரதம் பிடிப்பவர். முதல் நாள் ஒரு மிளகும் ஒரு கை தண்ணீரும், இரண்டாம் நாள் இரண்டு மிளகும் இரண்டு கை தண்ணீரும், அப்படியே ஆறு நாள். வேறு ஒன்றும் வாயில் படாது.

"என்ன காணும், வீட்டுக் கிணறு மழைக்குக் கலங்கிப்போச்சு. அக்கா பைப்புத் தண்ணியிலைதான் விரதம் பிடிக்கவேணும். ஆனால் உம்முடைய தூள் மருந்தெல்லோ? மருந்து வாயிலை பட்டால் விரதம் முறிஞ்சுபோம் எண்டு அவ நிக்கிறா. அவ மட்டுமில்லை, மணத்தாலை கனபேர் பின்னடிக்கினம். ஆறு நாளைக்கு உதை நிப்பாட்டினால் குடி முழுகிப்போமோ?"

"டாக்டர் இல்லை. தீவுப்பகுதிக்குப் போயிருக்கிறார். வர ரண்டு கிழமை ஆகும்," என்றேன்.

"அவர் வந்தால்தானே கேட்பார்?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு எழும்பும்போது, "உம்முடைய உத்தியோகத்தை நிரந்தரமாக்கிற கடிதம் அடுத்த கூட்டத்துக்கு வருகுது," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

பயத்தில் சம்மதித்தேன் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மை அது இல்லை. பயம் கால்பங்கு. கோடை முழுக்கக் கேத்திலால் பட்ட அவமானம் தீர, "இன்ஸ்பெக்டரின் தண்ணீரில் விரதம் பிடித்தோம்" என்று ஊர் சொல்லவேண்டும் என்ற ஆசை முக்கால்பங்கு. வேலன் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் சம்மதித்தேன்.

எஞ்சினுக்குப் பொறுப்பாக இருந்தவர் கந்தையா. என்னிலும் இரண்டு மடங்கு வயது, வாய் திறவாத மனிதர். ஆறு நாளைக்குத் தூள் வேண்டாம் என்றேன்.

"மழைக்காலமெல்லே, ஐயா?" என்றார்.

"ஆறு நாள்தானே."

எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார். "அப்ப கொப்பியிலை என்ன எழுத?"

தூள் போட்டதைத் தினமும் குறித்து வைக்கும் கொப்பி அது. டாக்டர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

"வழக்கம்போல எழுதும்," என்றேன்.

அவர் எழுதினார். ஆறு நாளும் எழுதினார். குழாய்த் தண்ணீரில் மணம் போயிற்று. தூள் நிறுத்தியது தலைவர் வீட்டுக்கு மட்டும் தெரியும்; மழைத் தண்ணீர் கலந்ததால் மணம் குறைந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை.

விரதம் முடிந்தது, பாறணை முடிந்தது, தூளும் மறுபடி விழத் தொடங்கியது. கார்த்திகை பிறந்து சில நாளில் தலைவர் வீட்டில் தமக்கையாருக்குக் காய்ச்சல் என்றார்கள். ஆறு நாள் பட்டினி, உடம்பு தாங்கவில்லை என்று நினைத்தோம். பிறகு சந்தையடியில் மூன்று வீடு. பிறகு வைத்தியசாலையிலேயே ஒரு தாதி. வேலனின் ஒழுங்கையிலும் இரண்டு வீட்டில் படுத்தார்கள், ஆனால் அதை யாரும் எண்ணவில்லை. இது தண்ணீரால் பரவும் நெருப்புக்காய்ச்சல், டைபோயிட், என்று தீவிலிருந்து திரும்பிய டாக்டர் பார்த்தவுடனே சொன்னார். தலைவரின் தமக்கையார் பிழைக்கவில்லை. செத்தவீட்டில் தலைவர் என்னைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பினார். கோபத்தில் திருப்பியதல்ல. என்னைப் பார்த்தால் அவருக்குத் தன்னையே பார்க்கவேண்டி வந்திருக்கும்.

சபை கூடியது. ஜன்னல் ஓரம் முழுக்க ஆட்கள். டாக்டர் கந்தையாவின் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தூள் ஒருநாளும் தவறேல்லை," என்றார். "அப்படியெண்டால் தாங்கித் தண்ணி சுத்தம். பிழை தாங்கிக்கு அங்காலைதான் நடந்திருக்கு."

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த டாக்டர் கெட்டிக்காரர், நேர்மையானவர், சாதி பார்க்காதவர். அவர் அன்று எடுத்த முடிவில் ஒரு படிகூடத் தவறு இல்லை. நான் எழுதுவித்த ஆறு பொய்யான வரிகளின் மேல் நின்று அவர் சரியாக யோசித்தார். சரியாக யோசித்துத்தான் அநியாயமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பதிவுக் கொப்பியில் பொய் எழுதுகிறவன் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறான். அதை நம்புகிற நல்ல மனிதர்களின் கையால் அவன் மற்றவர்களை அடிக்கிறான்.

ஒரு அங்கத்தவர் எழும்பினார். "அங்காலை எண்டால் ஆர் எண்டு சொல்லவும் வேணுமே? உந்த ஒழுங்கை முனைப் பைப்தான். கண்டவையும் தொட்டு, வாய் வைச்சுக் குடிச்சு... அண்டைக்கே நாங்கள் வேண்டாம் எண்டனாங்கள்."

ஜன்னல் பக்கம் ஆமென்று ஒரு இரைச்சல் எழும்பியது. டாக்டர் கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ. தொட்டதாலை காய்ச்சல் வராது. தாங்கியிலை இருந்து பைப்புக்குத்தான் தண்ணி போகுது, பைப்பிலை இருந்து தாங்கிக்கு வாறேல்லை. ஆனால் எஞ்சின் நிண்டு, தாங்கி வத்தி, பைப் வெறுமையாகிற நேரம், ஒழுகிற பைப் ஒண்டு இருந்தால் சுத்தி நிக்கிற ஊத்தைத் தண்ணியை உள்ளுக்கு இழுக்கும்." என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர், நீர் நேரை போய்ப் பாக்கிற ஆள். அந்த ஒழுங்கைப் பைப் ஒழுகுதோ?"

ஒழுகவில்லை. சந்தைப் பைப் ஒழுகியது, பாடசாலைப் பைப் ஒழுகியது. ஒழுங்கைப் பைப் மட்டும் ஒழுகவில்லை. ஒரு சொட்டு வீணாகாமல் அந்தப் பெண்கள் அதைத் திருகி மூடுவார்கள். நான் தலைவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கந்தையா நின்றார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், "உம்முடைய அக்காவை நீரும் நானும் சேர்ந்து கொன்றோம்" என்று அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதருக்குச் சொன்னதாகும். அவருடைய துக்கத்தில் அப்படிச் சொல்லலாமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். கோழைத்தனத்துக்கு எத்தனை நல்ல பெயர்கள் இருக்கின்றன என்பதை அன்று கற்றேன்.

"கொஞ்சம் ஒழுகும், சேர்," என்றேன்.

அடுத்த நாள் காலை அந்தப் பைப்பை மூடப் போனேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஆனால் சபை "இன்ஸ்பெக்டர் தானே முன்னின்று" என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது. குழாயடியில் வேலனின் மனைவி செல்லி நின்றாள். குடம் அரைவாசி நிறைந்திருந்தது.

"ஐயா, இந்தக் குடம் நிறையட்டும்," என்றாள்.

நிறையும்வரை காத்திருந்தேன். அது எனக்கு அப்போது பெரிய தயவாகப் பட்டது. அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இனி எப்ப ஐயா திறப்பியள்?" என்று கேட்டாள். காய்ச்சல் அடங்கியதும் என்றேன்.

காய்ச்சல் அடங்கியது. அடங்காமல் என்ன செய்யும்? தூள் போடத் தொடங்கி எத்தனை நாளாகிவிட்டது. ஆனால் ஊர் பார்த்தது வேறு. பைப்பை மூடினார்கள், நோய் நின்றது. இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்? டாக்டரும் நம்பினார். மார்கழிக் கூட்டத்தில் எனக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். உத்தியோகம் நிரந்தரமாயிற்று. தலைவர் கடிதத்தை என் கையில் கொடுத்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒழுங்கைப் பைப்பைத் திறப்பது பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. திறக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே காரணம் உண்மை.

தை மாதம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தக் கக்கூசுக் குழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தேன். சந்தையை விஸ்தரிக்கப் போவதாகக் காரணம் சொன்னேன். வேறு யாரையும் கூப்பிடப் பயந்து வேலனையே கூப்பிட்டேன். மூன்று நாள் கல்லும் களியும் போட்டு இறுக்கினார். முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "இனிப் பயமில்லை, ஐயா. வெடிப்பை நல்லா அடைச்சுப்போட்டன்," என்றார். அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒழுங்கைப் பெண்கள் பழையபடி குடத்தோடு கிணற்றடிகளில் போய் நின்றார்கள். ஆனால் நிலைமை பழையபடி இருக்கவில்லை. இவர்களால்தான் நெருப்புக்காய்ச்சல் வந்தது என்று சபையே எழுதி வைத்துவிட்டதே! முன்பு அள்ளி ஊற்றிய வீடுகளும் படலையைச் சாத்தின. நான் சைக்கிளில் போகும்போது வெயிலில் வரிசையாக அவர்களைக் கண்டிருக்கிறேன். பிறகு வேறு வீதியால் போகப் பழகிக்கொண்டேன். அவர்கள் வயலுக்குள் இருந்த ஒரு துரவில் அள்ளத் தொடங்கினார்கள். மாடு குடிக்கும் குழி அது. கோடை ஏற ஏற அதில் நீர் வற்றிச் சேறாயிற்று. சித்திரையில் செல்லிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாவது கிழமை இறந்துபோனாள். வைத்தியசாலைப் பதிவில் நெருப்புக்காய்ச்சல் என்று இருந்தது. அந்தப் பதிவின் கீழே கையெழுத்து வைத்தது நான்.

ஆனி மாதம் எனக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு வந்த மாற்றல். புறப்படும் நாள் காலை, கந்தோரில் பொறுப்புகளை ஒப்படைக்கப் போகும் வழியில், சைக்கிளை அந்த ஒழுங்கைக்குள் திருப்பினேன். வேலன் முற்றத்தில் குந்தியிருந்து கல்லுடைக்கும் அலவாங்கின் முனையைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"வேலன், மாற்றலாகிப் போறன். போகமுந்தி ஒண்டு சொல்லவேணும். அந்த விரதக் கிழமை நான் தாங்கிக்குத் தூள் போடேல்லை. கொப்பியிலை இருந்தது பொய்."

"தெரியும், ஐயா."

"ஆர் சொன்னது? கந்தையாவே?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தக் கிழமை தண்ணி மணக்கேல்லை. நாங்களும் அதைத்தானே குடிச்சனாங்கள்."

"அப்ப ஏன் நீ சபைக்கு வந்து சொல்லேல்லை?" என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்வி. ஆனால் கேட்டேன்.

"சொன்னால் ஆர் ஐயா நம்புவினம்? குழி வெட்டினவன் நான். அவன்தான் தண்ணியைக் கெடுத்தவன் எண்டு முழுப் பழியையும் என்ரை தலையிலை போட்டிருப்பினம்." அலவாங்கைச் சுவரோடு சாத்தினார். "நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். குழியைத் தூர்க்கக் கூப்பிட்டீங்கள். அப்ப நினைச்சன், இண்டைக்கில்லாட்டி நாளைக்குச் சொல்லுவியள் எண்டு. செல்லிக்கும் அப்பிடித்தான் சொல்லிவைச்சனான்."

"என்னை மன்னிச்சுக்கொள், வேலன்," என்றேன். அழுதும்விட்டேன். அழுதது எனக்குச் சுகமாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அழுது முடியும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்க நான் ஆர், ஐயா? போகமுந்தி அந்தப் பைப்பைத் திறந்துவிட்டிட்டுப் போங்கோ. இஞ்சை இன்னும் பிள்ளைகள் இருக்குதுகள்."

குழாய் ஒழுங்கை முனையில், அவருடைய முற்றத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றது. வால்வைத் திருப்பும் இரும்புத் திறப்பு என் சைக்கிளில்தான் கட்டியிருந்தது. கந்தோரில் ஒப்படைக்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. திருப்ப இரண்டு நிமிஷம் போதும். பின்னேரம் நான் ரயிலில் இருப்பேன், யார் திறந்தது என்று ஊர் கண்டுபிடித்தாலும் என்னை என்ன செய்யமுடியும்?

"சபையிலை சொல்லிப் பாக்கிறன்," என்றேன்.

வேலன் தலையை ஆட்டினார். மறுபடி குந்தி, அலவாங்கை எடுத்துக்கொண்டார்.

அந்தக் குழாயைக் கடந்துதான் சைக்கிளில் போனேன். இறங்கவில்லை. திறப்பைக் கந்தோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாலையில் சுன்னாகத்தில் ரயிலேறினேன். அந்தக் குழாயைப் பிறகு யாராவது திறந்தார்களா என்று எனக்குத் தெரியாது. எந்த முகத்தோடு விசாரிப்பது?